சைக்கிளில் ஆபீசுக்குப் போன ஊழியர் சுட்டுக் கொலை! மணியார்டர் பாரத்தில் மூண்ட டாக்கா மொழித் தீ

போஸ்ட் ஆபீசுக்குப் போகிறீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கவுண்ட்டரில் கொடுக்கும் பாரத்தில் உங்கள் மொழி ஒரு எழுத்துகூட இல்லை. வயிறு எரியுமா, எரியாதா?

1947 கடைசியில் டாக்காவாசிகளுக்கு நேர்ந்தது இதுதான். பாகிஸ்தான் பிறந்த சூடு ஆறவில்லை. மணியார்டர் பாரம், தபால் தலை எல்லாவற்றிலும் உருதும் இங்கிலீஷும் மட்டும். வங்க மொழியைக் காணோம்!

ஓட்டுப் போட்டவர்களே!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1946 தேர்தலில் முஸ்லிம் லீக்குக்கு ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தவர்களே இந்த வங்காள முஸ்லிம்கள்தான். அன்று "நீ யார்?" என்று கேட்டால், "முஸ்லிம்" என்பதுதான் முதல் பதில்.

1948 மார்ச் 21. டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஜின்னா பேசினார். உருது ஒன்றுதான் அரசு மொழி என்று அடித்துச் சொன்னார்.

கணக்கைப் பாருங்கள். 1951 மக்கள் தொகைக் கணக்குப்படி பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மொழி வங்காளம். உருது பேசியவர்கள் 100-க்கு 7 பேர்தான். அப்படியும் மேற்கே, வீட்டில் பஞ்சாபி பேசுகிறவர்களே பலர் உருதுக்குக் கை தூக்கினார்கள். உருதுதான் முஸ்லிம் நாட்டின் மொழி என்ற நினைப்பு!

கிழக்கே நினைப்பு மாறிவிட்டது. 'சர்க்கார் பரீட்சை உருதில் வந்தால் நம்ம பையன் கதி என்ன?' என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

144 தடை மீறல்

1952 பிப்ரவரி 21. நகரில் 144 தடை உத்தரவு. மாணவர்கள் மீறினார்கள். மெடிக்கல் காலேஜ் அருகே போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். எம்.ஏ. மாணவர் அபுல் பர்கத் பலியானார். ரபீக், ஜப்பார் ஆகியோரும் மாண்டனர். ஆபீஸ் பியூன் அப்துஸ் சலாம் குண்டடி பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிறகு இறந்தார்.

மறுநாள் நவாப்பூர் ரோட்டில் மறுபடியும் சூடு. ஐகோர்ட் கணக்குப் பிரிவு ஊழியர் ஷபியுர் ரகுமான் வேலைக்கு சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார். குண்டு பாய்ந்தது. அவரும் பிழைக்கவில்லை.

மாணவர்கள் கட்டிய நினைவுத் தூணை பிப்ரவரி 26-ல் போலீசார் இடித்துத் தள்ளினார்கள். தூணை இடிக்கலாம். ஓட்டுப் பெட்டியை என்ன செய்வது?

லீக் படுதோல்வி

1954 தேர்தலில் கிழக்கு வங்காளத்தில் முஸ்லிம் லீக் சுருண்டது. 237 முஸ்லிம் தொகுதிகளில் அதற்குக் கிடைத்தது 10-ஐத் தாண்டவில்லை. முதல்வர் நூருல் அமீனே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்! எட்டு வருஷத்துக்கு முன்னால் தூக்கி வைத்த அதே ஜனங்கள்தான். இப்போது "நீ யார்?" என்றால், "வங்காளி" என்பது முதல் பதில்.

1956 அரசியல் சட்டத்தில் உருதோடு வங்க மொழியும் அரசு மொழி ஆனது. 1971-ல் வங்காள தேசமே பிறந்தது. 1999-ல் யுனெஸ்கோ பிப்ரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இன்னொரு பக்கம்

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 1972 அரசியல் சட்டம், குடிமக்கள் எல்லோரும் வங்காளிகள் என்றது. "நான் சக்மா, வங்காளி இல்லை" என்று சபையிலேயே மறுத்தார் மலைவாழ் மக்களின் உறுப்பினர் மனபேந்திர நாராயண் லார்மா. எடுபடவில்லை.

உருது பேசும் பீகாரி முஸ்லிம்கள் டாக்கா முகமதுபூர் ஜெனீவா முகாமில் முடங்கினார்கள். அவர்களும் குடிமக்களே என்று ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னது 2008-ல்தான்!

மொழிச் சட்டம் நல்லதா, கெட்டதா என்று ஜனங்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்வதில்லை. 'நாம்' என்றால் யார் யார் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அந்த 'நாம்' கணக்கில் சேராதவனுடைய பாரம், அன்றும் இன்றும் வேறு மொழியில்தான் வருகிறது.