ஃபைட்டர் மீனுக்கு யார் கூட்டாளி?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு மூலக்கொத்தளத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புறா, முயல், லவ் பேர்ட்ஸ், கோழிக்குஞ்சு என்று ஒரே இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே சத்தமே போடாத ஒரு வரிசையைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன டப்பாக்களிலும் பிளாஸ்டிக் கவர்களிலும், ஆளுக்கு ஒரு வீடு என்று நீலம், சிவப்பு, வெள்ளை நிறங்களில் ஃபைட்டர் மீன்கள்! பட்டுப் பாவாடையை விரித்தது போல வாலை விரித்துக்கொண்டு நிற்கும்.

பக்கத்துத் தொட்டியில் மற்ற மீன்கள் கும்பலாக நீந்தும்போது இது மட்டும் ஏன் தனியாக இருக்கிறது? ‘ஐயோ பாவம், துணைக்கு ஆளே இல்லையே’ என்று உங்களுக்குத் தோன்றும். உடனே அப்பாவிடம் அடம்பிடித்து இன்னொரு மீனையும் சேர்த்து வாங்குவீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றின் வால் கந்தலாகி இருக்கும். இல்லையென்றால் ஒன்று மிதக்கும். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் மீனின் குணம் தெரியாமல் செய்த காரியம்!

அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ள நாம் தாய்லாந்துக்குப் போக வேண்டும். ஃபைட்டரின் சொந்த ஊர் அதுதான். அங்கே நெல் வயல்களிலும் சதுப்புகளிலும், அதிகம் ஓடாத தண்ணீரில் வாழும் மீன் இது. அந்த ஊர்க்காரர்கள் இதை ‘பிளா கட்’ என்கிறார்கள். ‘கடிக்கும் மீன்’ என்று அர்த்தம். நம் ஊரில் சேவல் சண்டை விடுவது போல அங்கே இரண்டு ஆண் மீன்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள், பந்தயமும் கட்டுவார்கள். 1840-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர், தியோடர் கேன்டர் என்ற டேனிஷ் மருத்துவருக்குச் சில மீன்களைக் கொடுத்தாராம். பின்னர் 1910-இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதற்கு ‘பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்’ என்று பெயர் சூட்டினார். 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.

ஏன் இவ்வளவு கோபம்? காரணம் கேட்டால் உங்களுக்கு இந்த மீன் மீது மரியாதையே வந்துவிடும். ஃபைட்டர் குடும்பத்தில் குழந்தை வளர்ப்பது அப்பா! ஆண் மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயால் குமிழி விட்டு, சோப்பு நுரை போல ஒரு கூடு கட்டும். பெண் மீன் முட்டையிட்டதும், ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய் அந்த நுரையில் ஒட்டும். கீழே நழுவி விழும் முட்டையைப் பிடித்து மறுபடியும் மேலே வைக்கும். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் வந்தாலும் துரத்தும். முட்டையிட்ட பெண் மீனையும் விடாது! இப்படித் தன் இடத்தைக் காவல் காப்பது அதன் பிறவிக் குணம். அதனால்தான் இன்னொரு ஆண் மீனைப் பார்த்ததும் செவுள் மூடியை விரித்துக்கொண்டு பாய்கிறது. தனியாக இருப்பது அதற்குத் தண்டனையே இல்லை.

இன்னொரு விஷயம். ஃபைட்டரைக் கவனித்துப் பாருங்கள். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. ‘லாபிரிந்த்’ என்பார்கள். அதன் உதவியால் நம்மைப் போலவே காற்றையும் சுவாசிக்கும். நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டையும் இதே சாதிதான். 1791-இல் தரங்கம்பாடியில் ஒரு பனை மரத்தில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் ஒரு பனையேறியைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். (நிஜமாகவே ஏறியதா, பறவை ஏதாவது கொண்டுபோய்ப் போட்டதா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டது வேறு கதை!)

இந்த உறுப்பு இருப்பதால்தான் ஃபைட்டர் ஒரு டப்பாத் தண்ணீரிலும் சில நாள் தாக்குப்பிடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு தண்ணீர் போதும் போல’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். துணைக்கு விட்ட மீனுக்கு அந்த உறுப்பு இருக்காதே! தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் அது திணறும். போதாததற்கு, இரண்டு மீன்களின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். சின்னக் கிண்ணத்தில் அது வேகமாகச் சேர்ந்து இரண்டையும் கொன்றுவிடும்.

ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது கிண்ணமோ ஜாடியோ என்றால், ஃபைட்டருக்குக் கூட்டாளியே வேண்டாம். கிண்ணத்தை மாற்றி ஒரு தொட்டி வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்கு வாட்டர் கேன் வருகிறதல்லவா, அது 20 லிட்டர். ஒரு ஃபைட்டர் வசதியாக வாழ அந்த அளவு தண்ணீர் தேவை. கூட்டாளிகளும் வேண்டுமென்றால் மூன்று கேன் தண்ணீர் பிடிக்கும் தொட்டியாவது வேண்டும்.

அப்படிப் பெரிய தொட்டி இருக்கிறதா? இனி ஆள் தேர்வு! வகுப்பில் பிள்ளைகளை பெஞ்சில் உட்கார வைக்கும்போது ஆசிரியர்கள் நிறைய யோசிப்போம். இரண்டு வாயாடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அன்றைய பாடம் அவ்வளவுதான். மீன் தொட்டியும் அதே மாதிரிதான்.

கப்பி மீன் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஆண் கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டது என்று நம் ஆள் நினைத்துக்கொள்வார். டைகர் பார்ப் அதற்கு நேர் எதிர். அது ஃபைட்டரின் நீண்ட துடுப்பைக் கடித்துக் கடித்தே கந்தலாக்கிவிடும். கௌராமியும் ஃபைட்டரும் உறவுக்காரர்கள். பங்காளிச் சண்டை நிச்சயம். கோல்ட் ஃபிஷ் நல்ல பிள்ளைதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். ஃபைட்டருக்கோ 25 முதல் 28 டிகிரி வரை வெதுவெதுப்பு வேண்டும். கோல்ட் ஃபிஷ் தண்ணீரையும் சீக்கிரம் அழுக்காக்கும்.

‘டேங்க் கிளீனர்’ என்று ஒரு மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும்! தொட்டியில் இடம் போதாமல் போனதும் பலர் அதை ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி நம் நாட்டு மீன்களின் முட்டைகளைத் தின்கிறது. அதன் முள் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. தயவுசெய்து இந்த மீனை வாங்கவே வாங்காதீர்கள். எந்தத் தொட்டி மீனையும் வெளித் தண்ணீரில் விடாதீர்கள்.

சரி, யாரைச் சேர்க்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் ஒரு நத்தையைச் சொல்வேன். நத்தைக்கு விரிக்கும் வால் இல்லை, யாரோடும் வம்பு இல்லை. ஃபைட்டர் வந்து கொத்தினால் ஓட்டுக்குள் போய்விடும். அடுத்தது கோரி மீன். ‘கோரிடோராஸ்’ என்பது முழுப் பெயர். மீசை வைத்த குட்டித் தாத்தா போல இருக்கும். தொட்டியின் அடியில் மணலைக் கிளறிக்கொண்டே திரியும். ஃபைட்டர் மேல் மாடியில் இருக்க விரும்பும், கோரி தரைத்தளத்துக்காரர். கூர்மையான கல் கிடந்தால் அதன் மீசை தேய்ந்துவிடும். அதனால் வழவழப்பான மணல் போடுங்கள். நடுவில் நீந்துவதற்கு ஹார்லிகுவின் ராஸ்போரா இருக்கிறது. உடம்பில் கறுப்பு முக்கோணம் போட்ட சின்ன மீன். கோரி, ராஸ்போரா இரண்டுமே கூட்டமாக வாழ்பவை. ஆறு மீன்களாவது சேர்ந்து இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும். முதல் தொட்டி என்றால் இரண்டில் ஏதாவது ஒரு வகை போதும்.

சேர்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சென்னை மெட்ரோ தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். புது மீன்களை இரண்டு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தொட்டியில் விட வேண்டும். கூட்டாளிகளை முதலில் குடியேற்றிவிட்டு, ஃபைட்டரைக் கடைசியாக விடுங்கள். அது முதலில் போய்விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பட்டா எழுதிக்கொள்ளும்! ஒளிந்துகொள்ள நிறையச் செடிகளும், ஒரு சின்ன மண்பானை ஓடும் போட்டு வையுங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரமாவது பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ஃபைட்டர் ஒரு முறை செவுளை விரித்து மிரட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. விடாமல் துரத்தினாலோ, யாருடைய வாலாவது கிழிந்திருந்தாலோ, எந்த மீனாவது சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கினாலோ உடனே பிரித்துவிட வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபைட்டர்களில் ஒன்று சாதுவாகவும் ஒன்று முரடாகவும் இருப்பது உண்டு. அதனால் பழைய கிண்ணத்தைத் தூக்கி எறியாமல் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் பெரிய இடம் தயாராகும் வரை உதவும்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது கடைக்கார அண்ணனிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், “அண்ணா, இது வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? கூட்டமாக இருக்குமா, தனியாக இருக்குமா?” என்று கேளுங்கள். மீன் வளர்ப்பில் அனுபவம் உள்ளவர் பொறுமையாகச் சொல்வார். ‘எல்லாத்தோடவும் எல்லாம் இருக்கும்’ என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.