முகம் தெரிந்த சொற்கள்

ஆங்கிலம் கற்கிற போலிஷ்காரருக்குத் தெரியாத சொல்லால் பயமில்லை, அகராதி இருக்கு. தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லில்தான் சிக்கல். உயர்நிலை ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன் வழி வந்தவை. போலிஷும் அதே லத்தீனிடம் நிறையக் கடன் வாங்கிய மொழி. கடன் ஒன்று, செலவழித்த விதம் வேறு.

'எவென்டுவால்னியே' என்றால் போலிஷில் 'ஒருவேளை, வேண்டுமானால்'. ஆங்கில 'ஈவென்சுவலி'யோ 'கடைசியில்' என்கிறது. கூலி பாக்கியை ஈவென்சுவலி தருவேன் என்று முதலாளி சொன்னால் போலிஷ் காதில் 'தரலாம், தராமலும் போகலாம்' என்றே விழும். (சில முதலாளிகள் விஷயத்தில் காது சொல்வதே சரி.) 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் பிரிட்டனுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 5,46,000 பேர் போலிஷைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தார்கள். ஆக, இது வெறும் பரீட்சை விவகாரமில்லை.

'ஒர்டினார்னி' இன்னும் சுவாரஸ்யம். ஆங்கில 'ஆர்டினரி' சாதாரணம். போலிஷ் சொல்லோ கொச்சை, ஆபாசம் என்று வசையாகிறது. சாதாரணமானவன் யார் பார்வையில் ஆபாசமானவன் ஆனான்? ஆங்கிலம் மட்டும் யோக்கியமா என்ன, 'வல்கர்' என்பதே பொதுஜனத்தைக் குறித்த லத்தீன் 'வுல்குஸ்' வழி வந்ததுதான். சொல்லின் மதிப்பு பிற சொற்களோடு கொள்ளும் வேறுபாட்டில் இருக்கிறது என்றார் சசூர். அந்த வேறுபாட்டை வகுத்த கை யாருடையது என்பதை நாம்தான் கேட்டாக வேண்டும்.

பாடநூல்கள் இவற்றைப் 'போலி நண்பர்கள்' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கின்றன, வரலாறு கிடையாது. அந்தப் பட்டியலில் 'டிரான்ஸ்பரன்ட்'டும் உண்டு. ஆங்கிலத்தில் ஊடுருவிப் பார்க்கக் கூடியது. போலிஷில் ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்கிற பதாகை.