எடை குறைக்க நேரில் போகணுமா... போன் போதுமா?

பந்தல்குடியிலிருந்து மதுரைக்குப் போய் ஒரு டயட்டீஷியனைப் பார்த்துவிட்டு வர, ஒரு நாள் முழுசாகப் போய்விடும். காலையிலேயே சமையலை முடித்து, அருப்புக்கோட்டை வழியாக பஸ் பிடித்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பத்து நிமிஷம் பேசிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பணும். முதல் மாதம் போவீர்கள். இரண்டாம் மாதமும் போவீர்கள். மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீடு, பிள்ளைக்குப் பரீட்சை... ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவீர்கள். குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்!

“அப்படின்னா, போனிலேயே ஆலோசனை கேட்டால் எடை குறையாதா?” என்கிறீர்களா? குறையும். ஆனால், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யணும்.

உங்கள் எடை கூடுதலா?

எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் எடை 72 கிலோ என்றால், விடை சுமார் 30. இந்தியர்களுக்கு இது 23-ஐத் தொட்டாலே எடை கூடுதல். 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் இந்த 25-ஐத் தொட்டவர்கள்தான்!

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் உடல் பருமன் உள்ள 415 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஆரம்பத்தில் ஒருமுறை பேசி, கையேடு கொடுத்ததோடு சரி. இரண்டாவது குழுவுக்கு டெலிபோன், இ-மெயில், இணையதளம் மூலம் மட்டுமே ஆலோசனை. மூன்றாவது குழுவுக்கு இவற்றோடு நேரடிச் சந்திப்புகளும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து எடை பார்த்தார்கள். முதல் குழுவில் சராசரியாகக் குறைந்தது 0.8 கிலோ. போன் குழுவில் 4.6 கிலோ. நேரில் வந்தவர்களுக்கு 5.1 கிலோ. நேருக்கும் போனுக்கும் வித்தியாசம் அரைக் கிலோதான்! முடிவுகள் 2011-ல் வெளியாயின.

“இரண்டு வருஷத்துக்கு அஞ்சு கிலோதானா?” என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும்.

நம் பக்கத்து அனுபவம்

சென்னையில், எடை கூடி, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 578 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு வாராவாரம் நேரடி வகுப்பு. தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் உண்டு. மூன்று வருடத்தில், வகுப்புக்கு வராதவர்களில் சுமார் 35 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வந்தவர்களில் சுமார் 26 சதவிகிதம்தான். இது 2016-ல் வெளியானது.

அதற்கு முன்பே, 2013-ல், சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் வெறும் எஸ்.எம்.எஸ். அனுப்பியே சோதித்திருந்தார்கள். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 537 ஆண்களில், தொடர்ந்து செய்தி வந்தவர்களில் 18 சதவிகிதம் பேருக்கும், முதலில் ஒருமுறை மட்டும் அறிவுரை கேட்டவர்களில் 27 சதவிகிதம் பேருக்கும் இரண்டு வருடத்தில் நோய் வந்தது. இது எடையை அளப்பதற்காக நடந்த ஆய்வு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: நேரிலோ போனிலோ, விடாமல் ஒருவர் விசாரித்துக்கொண்டே இருப்பதுதான் மருந்து!

போனில் ஒரு வசதி

“சோறே கொஞ்சமாத்தேன் சாப்பிடுறேன்... எப்படி எடை கூடுதுன்னே தெரியலை” என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம். வீட்டிலிருந்து போனில் பேசும்போது, எண்ணெய் டின் பக்கத்திலேயே இருக்குமே! மாதம் எத்தனை லிட்டர் என்று பார்த்துச் சொல்லலாம். ஆளுக்கு அரை லிட்டர் போதும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி. எண்ணெய் புரோட்டா, மாலையில் கொறிக்கிற காராச்சேவு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குதிரைவாலிச் சோறு நல்லதுதான். அதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை குறையாது. அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை.

இவர்களுக்கு போன் மட்டும் போதாது

* இன்சுலின், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை டாக்டர்தான் மாற்றணும்.

* நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள், நெஞ்சு வலி, கால் வீக்கம் உள்ளவர்கள்.

* குறட்டையோடு, தூக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பவர்கள்.

* காரணமே இல்லாமல் சில மாதங்களில் மளமளவென எடை கூடியவர்கள்.

* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்.

மற்றவர்களும் முதல்முறை நேரில் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்கு மதுரை வரை போகவேண்டியதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியோ போதும்.

போனை எடுக்கும் முன்...

* பேசுபவர் யார் என்று கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த விதிமுறைப்படி, போனில் சிகிச்சை தரும் டாக்டர் தன் பெயரையும் தகுதியையும் சொல்லணும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கணும்.

* ‘முப்பதே நாளில் பத்து கிலோ’ என்று பவுடர் விற்பவர் ஆலோசகர் அல்ல, வியாபாரி. போனை வைத்துவிடுங்கள்.

* வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

* நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது பேசலாம்’ என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது!

* எடை குறைந்த பிறகும் பேச்சை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறையாவது தொடரட்டும். நிறுத்தினால் எடை மெல்லத் திரும்பும்.

பஸ்ஸுக்குப் போகும் அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தீர்கள் அல்லவா? அதில் தினம் அரைமணி நேரம், வெயில் ஏறும் முன்பே, கம்மாய்க்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். நடையை மட்டும் போனில் முடிக்க முடியாது!