போபால்: தாயின் சிலையிலிருந்து துடைப்பம் வரை

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் ஜந்தர் மந்தருக்கு நியாயம் கேட்டு வரும் ஒவ்வோர் அமைப்பும் ஓர் அடையாளத்தைச் சுமந்து வரும். கொடி, பதாகை, மறைந்த தலைவரின் படம் என அவை பலவகைப்படும். போபால் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்களுக்கெனத் தேர்ந்தெடுத்தது துடைப்பம். வீட்டு மூலையில் கிடக்கும் இந்தப் பொருள் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு எதிரான சின்னமாக மாறிய வரலாறு, நிவாரணம் கேட்டவர்கள் பொறுப்பைக் கேட்கத் தொடங்கிய வரலாறும் ஆகும்.

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. மாநில அரசின் கணக்குப்படி இறந்தோர் 3,787 பேர். பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என 2006-ல் அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கூறியது. உயிரிழப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் நிலையான வாதம்.

பிறர் தந்த உருவங்கள்

போபாலை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் உருவம் ஒரு குழந்தையின் முகம். மண்ணில் புதைக்கப்படும் பெயர் தெரியாத அந்தக் குழந்தையை ரகு ராயும் பாப்லோ பர்தலோமியூவும் தனித்தனியே படமெடுத்தனர். பர்தலோமியூவின் படம் அவ்வாண்டின் உலகச் செய்திப்பட விருதைப் பெற்றது. அடுத்து, 1985-ல் நெதர்லாந்து சிற்பி ரூத் வாட்டர்மேன் ஆலைக்கு எதிரே ஒரு சிலையை வடித்தார். கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் தாய். அவள் சேலையைப் பற்றியபடி இன்னொரு குழந்தை. 'ஹிரோஷிமா வேண்டாம், போபால் வேண்டாம், நாங்கள் வாழ விரும்புகிறோம்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் அதன் அடியில் உள்ளது.

இவ்விரண்டும் காண்போர் மனத்தை உருக்குபவை. ஆனால் இவற்றில் பாதிக்கப்பட்டோருக்குப் பேச்சு இல்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அவர்களை ஏறத்தாழ இதே நிலையில்தான் வைத்தது. போபால் வாயுக் கசிவு கோரிக்கைகள் தொடர்பான அச்சட்டம், இழப்பீடு கோரி வழக்காடும் உரிமையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத குடிமக்களுக்கு அரசே பெற்றோர் என்ற கோட்பாடு அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அரசும் நிறுவனமும் உடன்பாடு கண்டபோது பாதிக்கப்பட்டோரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. காயமடைந்தோரில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய்.

பூ அல்ல, பொறி

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரு பெண்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. இருவரும் குடும்பத்தினரை இழந்தவர்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட எழுதுபொருள் தயாரிப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இவர்கள், 1986-ல் அங்கே தொழிற்சங்கம் அமைத்தனர். 1989-ல் உரிய ஊதியம் கேட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, பிரதமரிடம் மனு அளிக்கச் சுமார் 750 கி.மீ. நடந்தே தில்லி வந்தனர்.

'ஹம் போபால் கீ நாரீ ஹைன், ஃபூல் நஹீன் சிங்காரி ஹைன்' என்பது இப்பெண்களின் முழக்கம். தமிழ்க் காதுக்குச் 'சிங்காரி' என்றால் அலங்காரம் நினைவுக்கு வரலாம். இந்தியில் அதன் பொருள் தீப்பொறி. 'நாங்கள் போபால் பெண்கள். பூக்கள் அல்ல, தீப்பொறிகள்' என்கிறது முழக்கம். 2004-ல் இருவருக்கும் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 1,25,000 டாலர் பரிசுத் தொகையைக் கொண்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஊனத்துடன் பிறந்த குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'சிங்காரி'. கருணை இல்லம், ஆதரவு மையம் போன்ற வழக்கமான பெயர்களை விடுத்து, முழக்கத்தில் உள்ள சொல்லையே மறுவாழ்வுப் பணிக்கு வைத்தது தற்செயலானது அன்று.

அடியும் பெருக்கலும்

2001-ல் யூனியன் கார்பைடை அமெரிக்காவின் டௌ கெமிக்கல் வாங்கியது. ஆலையைத் தான் நடத்தியதே இல்லை என்றும், போபால் தொடர்பான பொறுப்பு தனக்கு இல்லை என்றும் அது கூறியது. அதற்குப் பதிலாகப் பிறந்ததே 'ஜாடூ மாரோ டௌ கோ' இயக்கம். இந்தச் சொல்லில் இரு பொருள் உண்டு. நீ போட்ட குப்பையை நீயே பெருக்கு என்பது ஒன்று. துடைப்பத்தால் அடி என்பது மற்றொன்று. விளக்குமாற்றடி எத்தகைய அவமானம் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, வடக்கிலும் அதுவேதான்.

2002 டிசம்பர் 2-ம் தேதி சுமார் 200 பெண்கள் மும்பையில் உள்ள டௌ அலுவலகத்துக்குத் துடைப்பங்களுடன் சென்றனர். ஆலை வளாகத்து நச்சு மண்ணையும் எடுத்துச் சென்றனர். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று சட்ட நூல்கள் விரித்துரைக்கும் கோட்பாட்டை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி துடைப்பம் சொல்லிவிட்டது. 2013 தில்லி தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி இதே பொருளைச் சின்னமாகப் பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பு நடந்தது இது.

ஒலிம்பிக் மைதானத்தில்

சின்னங்களின் மோதல் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெளிப்படையாயிற்று. முதன்மை மைதானத்தைச் சுற்றிய அலங்காரத் திரைக்குப் பொருளுதவி செய்தது டௌ. இந்திய ஒலிம்பிக் சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது. திரையில் தனது சிவப்பு வைர இலச்சினை இடம்பெறாது என 2011 இறுதியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆதரவாளர் பட்டியலில் நீடித்தது. ஒலிம்பிக் தொடங்குவதற்கு முதல்நாள் போபாலில், பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென மாற்று விளையாட்டுப் போட்டி நடந்தது. கோடிகள் செலவிட்டுக் காத்த நற்பெயர் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள், இலச்சினை வரைய ஓவியரை அமர்த்தும் வசதியில்லாத மக்கள்.

நீதிமன்றங்களில் இந்த வெற்றி தொடரவில்லை. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் இந்திய அதிகாரிகளுக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த கொதிப்புக்குப் பின் மத்திய அரசு கூடுதல் இழப்பீடு கோரித் தாக்கல் செய்த சீராய்வு மனுவை, 2023 மார்ச் 14-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. ஆலையில் 40 ஆண்டுகள் கிடந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. அப்பகுதி மக்களின் எதிர்ப்பையும் மீறி நடந்த அந்தப் பணிக்கான செலவை ஏற்றது இந்திய அரசு, டௌ அன்று.

அகற்றப்பட்டது மூட்டைகளில் இருந்த கழிவு மட்டுமே. ஆலை வளாகத்து மண்ணிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிலத்தடி நீரிலும் கலந்த நஞ்சு அங்கேயே இருக்கிறது என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சுட்டிக்காட்டுகின்றன. 2002-ல் மும்பை அலுவலக வாசலில் வைக்கப்பட்ட துடைப்பத்தை, உரியவர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.