துரும்பு காட்டும் நாழிகை

கடிகாரமென்பது பண்ணாடி வீட்டுச் சுவரோடு நின்றுவிட்ட காலத்தில், பல்லடத்துச் சோளக்காட்டில் நிற்பவனுக்குப் பொழுதறிய ஒரு துரும்பே போதுமானதாயிருந்தது. அதற்கான உபாயத்தைப் பழந்தமிழ்க் கணக்குச் செய்யுளொன்று சொல்லி வைத்திருக்கிறது.

பதினாறு விரற்கடை நீளமுள்ள துரும்பை எடுத்து, ஒரு பாகம் தரையில் நிழல் விழும் திக்கிலே கிடக்கவும், மறு பாகம் செங்குத்தாக நிற்கவும் மடிக்க வேண்டும். நிற்கும் பாகத்தின் நிழல், கிடக்கும் பாகத்தின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, நிற்பது எத்தனை விரற்கடை என்று அளந்தால், முற்பகலில் அத்தனை நாழிகை ஏறியிருக்கிறது, பிற்பகலில் அத்தனை நாழிகை மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம்.

பாதிக்குப் பாதியாக, எட்டு நின்று எட்டுக் கிடந்தால், சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறான். பல்லடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், இரவும் பகலும் சமமான நாளில் அவன் அவ்வுயரத்தை எட்ட, உதயத்திலிருந்து மூன்று மணியும் சில நிமிஷமும், அதாவது ஏழே முக்கால் நாழிகைக்குச் சற்றுக் குறைவாக ஆகும். துரும்பு சொல்வதோ எட்டு. இவ்வளவு எளிய கருவிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துபோவதால், உச்சிவேளையிலும் ஒன்பதரை விரற்கடைதான் நிற்கும். அப்போது துரும்பை நம்புவதற்கில்லை.

பருவந்தோறும் நேரும் இக்கோளாற்றை நீக்கவே, சூரியகடிகாரம் செய்தவர்கள் நிழல் தரும் விளிம்பைச் செங்குத்தாக நாட்டாமல், பூமியின் அச்சுக்கு இணையாக, அந்தந்த ஊரின் அட்சாம்சம் எவ்வளவோ அவ்வளவு சாய்த்து வடதுருவத்தை நோக்கி நிறுத்தினார்கள். அப்படிச் செய்தால் ஒரு மணிக்குரிய கோடு சித்திரையிலும் மார்கழியிலும் ஒன்றேயாகும். சவாய் ஜெயசிங் மகாராஜா பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் எழுப்பிய சாம்ராட் யந்திரத்தின் 27 மீட்டர் உயரச் சுவர் 27 பாகை சாய்ந்திருக்கிறது. அதன் நிழல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். பல்லடத்தில் கட்டினால் 11 பாகைச் சாய்வே போதும்.

அப்படிக் கட்டினாலும் அது நம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. இந்திய நேரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. பல்லடமோ அதற்கு ஐந்து பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருப்பதால், இங்கு உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 21 நிமிஷத்துக்கே வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதனால், பிப்ரவரி நடுவில் அது 12.35 வரை பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கே வந்துவிடும்.