சத்தமில்லாத கலங்கள் – 9: பரிசலும் நீர்நாயும்

எஞ்சின் இல்லாத கலத்துக்குத்தான் விலங்குகள் கிட்டத்தில் அகப்படும். பாய்மரப் படகு கடற்பசுவை எதிர்கொண்ட கதை சென்ற வாரமே முடிந்தது. ஆற்றில் அந்த இடம் பரிசலுக்கு.

தொட்டியம் காவிரியின் வடகரையில் இருக்கிறது. அதற்கு மேற்கே, சீலைப்பிள்ளையார்புத்தூருக்கும் எதிர்க்கரை மாயனூருக்கும் நடுவே கதவணை. அதற்குக் கீழே ஆறு மணல்திட்டும் நாணலுமாக அகன்று கிடக்கிறது. மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்பு தோலும் பிறகு தார் பூசிய சாக்கும் போர்த்தி, இப்போது ஃபைபரிலும் வார்க்கப்படும் பரிசல் முழங்கால் தண்ணீரிலேயே மிதக்கும். துடுப்பை நிறுத்தினால் நீரோட்டத்தோடு சத்தமின்றி இறங்கும். இங்குள்ள நீர்நாய்கள் வேட்டையாடுவதோ கூட்டமாக, பல நேரம் எதிரோட்டத்தில், அம்புமுனை போல அணிவகுத்து. ஆகவே விடியுமுன் வலை எடுக்கப் போகிறவர் அந்தக் கூட்டத்தை நேருக்கு நேர் சந்திக்கிறார். ஒன்று கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும், மூக்கால் ஒரு சீறல், அத்தனையும் முழுகிவிடும்.

இதே நீர்நாய் இனத்தை வங்கதேசத்தின் நராயில் பகுதி மீனவர்கள் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பது சாமானியத் தகவல் அல்ல. படகோரம் வலையை இறக்கி, வளர்ந்த நீர்நாய்களைக் கயிற்றில் கட்டி மூங்கில் கழியோடு தண்ணீரில் விடுகிறார்கள். அவை பாசிக்கும் வேருக்கும் அடியில் பதுங்கிய மீனை விரட்டி வலைக்குள் தள்ளுகின்றன. குட்டிகளுக்குக் கயிறே கிடையாது. தாயை விட்டு அவை எங்கே போகும்? கூலி, பிடிபட்ட மீனில் ஒரு பங்கு. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தொழில், மீன் குறையக் குறைய இப்போது தேய்ந்துவருகிறது.

காவிரியில் நீர்நாய் தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. வலை கிழியும், கெண்டையோ ஜிலேபியோ பாதி தின்றபடி தொங்கும். மீனவருக்குக் கோபம் வருவதில் நியாயம் உண்டு. சங்கப் பாடல்களில், ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும், மருதநிலத்து நீர்நாய் வாளை மீனைத் தேடுகிறது. விருந்தாளி புதியவர் அல்ல.

பரிசலை மணல்திட்டில் ஒதுக்குகிறவர் கண்ணில் நீர்நாயின் எச்சமும் படும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இட்ட குவியல், ஈரம் காயாத கருப்பில் செதிலும் முள்ளும் மின்னும், மீன்வாடை தூக்கும். கூட்டத்தின் எல்லைக்கல் அது. கரையில் வளை தோண்டிக் குட்டி போடும் விலங்குக்கு, மீனவரின் கோபத்தைவிட மணல் அள்ளுவதே பெரிய ஆபத்து. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு இதற்கு உண்டு; 2019-ல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை இதன் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்தது. கரை போனால் சட்டம் எங்கே வளை தோண்டித் தரும்?

இந்த வாரத்துக்கென்று சொல்லிவைத்த முதலைக்கு நீர்நாய் இடம் விடவில்லை. கொள்ளிடத்து முதலை அடுத்த வாரம்.