மணி டாக்டரோட கட்டுரையும் எங்க சித்தப்பா ரிப்போர்ட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை போடிமெட்டுல இருந்து பதிவு பண்றேன். பின்னாடி ஜீப் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற நேரம்.

எங்க சித்தப்பாவும் ஏலத்தோட்டத்துலதான் வேலை பார்க்கிறார். 58 வயசு, ஒல்லியான உடம்பு, ரொம்ப நாளா பிரஷர். மாத்திரையைப் பாதி நாள் போட மாட்டார். போன மாசம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி, "நல்லாருக்கான்னு பாருப்பா"ன்னு கேட்டார். கிரியாட்டினின் 1.3. அதுக்குக் கீழே இஜிஎஃப்ஆர் 64.

கிரியாட்டினின்ங்கிறது தசையில உண்டாகிற கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேத்தணும். ரத்தத்துல அது கூடினா வடிகட்டுறது குறையுதுன்னு அர்த்தம். ஆனா அந்த 64 யாரும் அளந்த எண் இல்ல, கணக்குப் போட்டு வந்த எண். பாஸ்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ லீவியும் அவர் குழுவும் 1999-ல ஒரு சூத்திரம் வெளியிட்டாங்க. 2009-ல அதைவிடத் துல்லியமான ஒண்ணு வந்தது. 2021-ல இனத்தை வெச்சு எண்ணை மாத்துற பகுதியையும் நீக்கினாங்க. வயசு, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் எவ்வளவு, இந்த மூணும் போதும். நான் பைத்தான்ல நாலு வரி எழுதிப் பார்த்தேன். அதே 64 வந்தது.

இப்ப மேற்கோள் கணக்குக்கு வருவோம். உலகத்துல யார் சிறுநீரக ஆய்வு பண்ணாலும் இந்தச் சூத்திரம் தேவைப்படும். பயன்படுத்தினா அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டே ஆகணும். அதனால அதுக்கு ஆயிரக்கணக்குல மேற்கோள். நாம எழுதுற எல்லா புரோகிராமும் ஒரே லைப்ரரியை இம்போர்ட் பண்ற மாதிரிதான்.

ஒரு ஆய்வாளரோட மொத்தப் பங்களிப்பை ஒரே எண்ணுல சொல்ல 2005-ல ஹோர்ஹே ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸ் கொண்டுவந்தார். குறைஞ்சது 10 மேற்கோள் வாங்கின கட்டுரை 10 இருந்தா, இண்டெக்ஸ் 10. லீட்கோட்ல இதே பேர்ல ஒரு கேள்வியே இருக்கு, இன்டர்வியூவுக்குப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்குல பெருசாத் தெரியாத ஒரு வேலையைச் சொல்றேன். டாக்டர் எம்.கே. மணி, சென்னை அப்போலோவில் சிறுநீரக மருத்துவரா இருந்தவர், 1991-ல பத்மபூஷண் வாங்கினவர். அவரோட கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்குப் பக்கத்துல சுமார் 25,000 பேர் இருக்கிற கிராமப் பகுதியை எடுத்துக்கிட்டது. பள்ளிப் படிப்பு முடிச்ச உள்ளூர்ப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பினாங்க. சில கேள்வி, பிரஷர், சிறுநீர்ல புரதமும் சர்க்கரையும் இருக்கான்னு ஒரு சோதனை, அவ்வளவுதான். பிரச்சினை இருக்கிறவங்களுக்கு இருக்கிறதுலயே விலை குறைஞ்ச மாத்திரை: ரெசர்பின், தயசைடு, மெட்ஃபார்மின் மாதிரி. பிரஷர் இருந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல கட்டுக்குள்ள வந்தது. செலவு தலைக்கு வருஷத்துக்கு அரை டாலருக்கும் கீழே!

இதை 2003-லயும் 2005-லயும் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழ்ல எழுதினார். லீவி கட்டுரையோட ஒப்பிட்டா மேற்கோள் ரொம்பக் கம்மி. ஏன்னா இம்போர்ட் பண்ண இதுல சூத்திரம் எதுவும் இல்ல. ஊர் ஊரா போய்ச் செய்யணும். டயாலிசிஸுக்குப் போகாம தப்பிச்ச ஒருத்தர் எந்தக் கட்டுரையோட அடிக்குறிப்புலயும் வர மாட்டார். அதுக்காக மேற்கோளே வீண்னு சொல்லலை. அவர் எழுதி வெச்சதாலதான் இன்னைக்கு நான் உங்ககிட்ட சொல்ல முடியுது.

சரி, சித்தப்பா கதை. 60-க்கு மேலே இருக்கு, பரவாயில்லைன்னு நான் பதில் அனுப்பிட்டேன். அது என் தப்பு. ஒல்லியான உடம்புல தசை கம்மி, கிரியாட்டினினும் கம்மியாத்தான் உண்டாகும். அதனால சிறுநீரகம் பழுதானாலும் இஜிஎஃப்ஆர் நல்லா இருக்கிற மாதிரி காட்டலாம். டாக்டர் அந்த 64-ஐப் பார்த்துட்டு முதல்ல கேட்டதே சிறுநீர்ப் பரிசோதனைதான். புரதம் இருந்தது. மணி டாக்டர் அனுப்பின பொண்ணுங்க வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பாங்க.

இப்ப சித்தப்பா மாத்திரையை விடுறதில்ல. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. உங்க வீட்டுல பிரஷரோ சர்க்கரையோ இருக்கிறவங்களுக்கு ரத்தத்தோட சிறுநீரையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்டை என்னை மாதிரி ஆள்கிட்ட அனுப்பாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.